பதினொரு நிமிட லெப்டொப்

1

ஆயுத பூசையன்று காலையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சண்டை என்று சொன்னால் என் மகள் நிவேதா ஒப்புக்கொள்ள மாட்டாள், டிஸ்கஷன் என்பாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. இலங்கையில் பதுளைக்குப் பக்கத்துத் தெமோதரையிலிருந்து கனடாவுக்கு நாங்கள் வந்தபோது ஐந்து. இந்தப் பதினொரு வருடத்தில் அவளுக்குத் தமிழ் பாதி மறந்துவிட்டது, வாதாடும் திறமை இரண்டு பங்காகிவிட்டது.

மேசையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் பொரி, அவல், கடலை, ஸ்காபரோ தமிழ்க் கடையில் வாங்கிய வாழைப்பழம். என் கணவரின் லொறிச் சாவி, நிவேதாவின் கணக்குப் புத்தகம், கத்தரிக்கோல், காய் வெட்டும் கத்தி, நடுவில் என் லெப்டொப். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. கணவர் வெளியே லொறி டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒவ்வொரு வருடமும் அதை யாரோ தவறவிட்ட பழம் என்று நினைத்து எடுத்துவந்து கையில் கொடுப்பார். இந்த வருடமும் கொடுத்தார். இவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அவர் உள்ளே போன பிறகு திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

அப்போதுதான் நிவேதா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து லெப்டொப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னாடி இது?"

"எஸ்.எஸ்.டி. அம்மா. ஒங்க லெப்டொப்புக்கு. என் சம்பளத்துல வாங்குனேன்."

சனி ஞாயிறுகளில் அவள் ஒரு டோனட் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அந்தச் சம்பளத்தில் அவள் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். ஒரு பிஸ்கட் அளவுதான் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமாம், அதன்மேல் ஒரு ஊசி ஓடியோடித் தேடுமாம், தாமதமெல்லாம் அதனால்தானாம். இதில் சுற்றுவது, ஓடுவது எதுவுமே கிடையாது.

"இப்ப பதினொரு நிமிசம் எடுக்குது இல்ல? இதப் போட்டா பதினெட்டு செக்கன். சத்தமே வராது. நான் இப்பவே மாத்தித் தாறேன்."

"பூசையில வச்ச சாமான இன்னிக்குத் தொடக்கூடாது."

"அப்ப நாளைக்கு."

"பாப்போம்."

"பாப்போம்னா வேணாம்னு அர்த்தம். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளை ஆசையாக வாங்கிவந்ததற்கு நான் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பூசையில் வைத்த சாமானைத் தொடக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு உள்ளே நான் அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. வீட்டில் சொல்ல முடியாததை இப்படி ஊருக்கே எழுதுவதுதான் வெளிநாட்டுக்காரர்களின் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அந்த லெப்டொப் பதுளை டவுனில் வாங்கியது. வாங்கியவர் என் அப்பா ஆறுமுகம். தெமோதரையில் தேயிலை ஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து காயவைக்கிற டிரையரில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் பெக்டரி என்று யாரும் சொல்வதில்லை, ஸ்டோர்தான். நாங்கள் கனடாவுக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். நான் அன்று பண்டாரவளையில் மாமியார் வீட்டில் இருந்தேன். மறுநாள் வந்தபோது துண்டில் சுற்றியபடி என் கையில் கொடுத்தார்.

"அங்க போயி ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நிக்காத" என்றார். தோட்டத்துப் பாடசாலையில் ஆறு வருடம் டீச்சராகப் படிப்பித்த என்னிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அப்பாவுக்கு அப்படித்தான் பேச வரும்.

மூடியின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்றுவரை உரிக்கவில்லை. நான்கு மூலையும் சுருண்டு, நடுவில் மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் லெப்டொப்பை முழுதாக நிறுத்தி, சுவரிலிருந்து வயரையும் கழற்றிவிடுவேன். எங்கள் ஊரில் இடி விழுந்தால் முதலில் போவது டீவியும் பிரிட்ஜும்தான், அந்தப் பயம். ஸ்காபரோவில் அப்படி இடி விழுந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கழற்றாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை. நிவேதாவின் நண்பிகளின் அம்மாமார் எல்லாம் மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போகிறார்களாம், நான் ஒருத்திதான் தினமும் சாக அடித்துத் தினமும் எழுப்புகிறேனாம்.

வாங்கியபோது ஒரு நிமிடத்தில் திறந்தது. இப்போது பதினொன்று, வயதுக்கு ஒரு நிமிடம் வீதம்.

3

அப்பாவோடு தொலைபேசியில் பேசுவது எப்படி என்று சொன்னால்தான் மீதி புரியும்.

நாங்கள் வந்த புதிதில் பேசுவது அம்மாதான். அப்பா பின்னால் நின்றுகொண்டு, "போதும், நிமிசம் ஓடுது" என்பார். அந்தக் காலத்தில் தெமோதரைக் கடையொன்றில் நிமிடக் கணக்குக்கு வெளிநாட்டு அழைப்பு எடுத்துப் பழகியவர். இப்போது வட்ஸ்அப்பில் நிமிடமும் இல்லை, ஓடுவதும் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீடியோவில் வரவும் மாட்டார். மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது என்று கேட்பார்.

நான்கு வருடத்துக்கு முன் அம்மா போய்விட்டாள். என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. யாரைக் கேட்டாலும் இன்னொரு இலக்கத்தைக் கொடுத்தார்கள். அந்த இலக்கத்தில் எடுத்தால் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். காரியத்துக்கும் போக முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைப் பெரிதாக எழுதத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவோடு நான் பேசியது இவ்வளவுதான்:

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா. நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்லப்பா."

"சரி, வைக்கட்டா?"

அரை நிமிடம். அப்பா என் தம்பி குடும்பத்தோடு தோட்டத்து வரிசை வீட்டில், அதே பழைய லயத்தில் இருக்கிறார், நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் பிடிபடாது. பேச வேண்டும் என்றால் பேச வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர் ஆம்பளைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு வேலை இல்லாமல் அவர்களுக்கு வாய் திறக்காது.

ஒருநாள் காலை இங்கே ஏழரை மணி, அங்கே சாயங்காலம் ஐந்து. எட்டு மணி வேலைக்காக லெப்டொப்பைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே போனை வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். "சரி, வைக்கட்டா" என்றவர் வைக்கவில்லை.

"அது என்னா சத்தம்?"

"எதுப்பா?"

"கர்ருன்னு ஒண்ணு ஓடுதே. நடுவுல டக்கு டக்குன்னு."

"லெப்டொப்புப்பா. இப்பதான் போட்டேன். தொறக்க நேரமாகும்."

"கிட்ட வையி."

போனை லெப்டொப் மேலேயே வைத்தேன். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு சின்னக் காத்தாடி ஒண்ணு இருக்கு. அதுல பேரிங் தேயுது. அந்த டக்கு சத்தம் வேற. அது என்னமோ தேடுது."

தேடுகிறது என்றார். மூன்று வருடம் கழித்து நிவேதா பெட்டியைப் பிரித்துக்கொண்டு சொன்னதும் அதையேதான். அப்பாவின் காது அப்படி. ஸ்டோர் மேல்மாடியில் கொழுந்து வாட்ட வரிசையாகப் பெரிய காத்தாடிகள் ஓடும். அந்த இரைச்சல் லயம் வரைக்கும் கேட்கும். எங்களுக்கெல்லாம் அது ஒரே இரைச்சல். அப்பா சோறு தின்றுகொண்டே "மூணாம் நம்பர் நின்னுருச்சு" என்று கையைக் கழுவிவிட்டு ஓடுவார். ஆயுத பூசையன்று எல்லா மெஷினையும் நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்துவிடுவார்கள். தோட்டமே கொண்டாட்டமாக இருக்கும். அப்பா மட்டும் லயத்து வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். காது அடைத்த மாதிரி இருக்கிறது என்பார். சத்தம் இல்லாதது அவருக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

அன்று அவர் போனை வைக்கவே இல்லை. "போறணையில சூடு ஏறுற வரைக்கும் ஆளு பக்கத்துல நிக்கணும். மெஷின அப்புடியே விட்டுட்டுப் போகக்கூடாது" என்றார். டிரையருக்கு அனல் கொடுக்கிற போறணைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் அப்படி நின்றவர், இப்போது என் லெப்டொப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நிற்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியாதே, பேச ஆரம்பித்தார். பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டியது, தம்பி பெண்சாதி புதிதாகத் தையல் மெஷின் வாங்கியது, தெமோதரை ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ரயில் வளைவதைப் படம் பிடிப்பது. இடையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

"தொறந்துருச்சா?"

"இல்லப்பா."

"சரி. என்னா சொல்லிக்கிட்டிருந்தேன்?"

இப்படியே மூன்று வருடம், வேலை நாட்களில் எல்லாம். அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் எனக்கு ஊர் இருந்தது, அப்பாவும் இருந்தார். பதினெட்டு செக்கனில் அவரால் மழையைக்கூட விசாரித்து முடிக்க முடியாது.

4

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளிகளுக்கு வீடியோவில் மொழிபெயர்க்கிறேன். நோயாளிகள் அநேகமாக யாழ்ப்பாணப் பக்கத்துப் பெரியவர்கள். நான் வாயைத் திறந்ததும் ஒரு கேள்வி நிச்சயம்.

"பிள்ளை, நீங்கள் இந்தியாவோ?"

"இல்லீங்கம்மா. பதுளை."

"பதுளையோ? அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமே?"

"இருக்கோங்கம்மா. ரொம்பப் பேரு இருக்கோம்."

ஆரம்பத்தில் கோபம் வரும். இப்போது சிரிப்புத்தான். தவறுகளும் நடக்கும். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்க, வாய்ப் பழக்கத்தில் "மேலுக்கு முடியலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "மேலுக்கில்லை பிள்ளை, முழங்காலுக்கு" என்றார் அந்த அம்மா, காலைத் தூக்கிக் காட்டி. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா இப்போது என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வந்த புதிதில் ஐந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவளுக்கு, பேசிச் சம்பாதிப்பது என்பது பெரிய விஷயம்.

பூசைக்குப் பத்து நாள் முந்தி ஒரு காலை, எட்டு மணிக்கு அந்த முழங்கால் அம்மாவுக்கே வேலை. ஏழே முக்காலுக்கெல்லாம் லெப்டொப் திறந்துவிட்டது. நான் "சரிப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அன்று தானாகவே அம்மாவைப் பற்றி ஆரம்பித்தார். நான்கு வருடத்தில் முதல் தடவை.

"அந்த லெப்டொப் பொட்டிய வாங்கியாந்த அன்னிக்கு நீ பண்டாரவளையில இருந்த. ஒனக்குத் தெரியாது. இருக்குறது ஒரே காம்பரா, அதுல ஒத்தக் கட்டில் தானே. ஒங்கம்மா அதுல வெள்ளத் துணிய விரிச்சு, பொட்டிய அதுல வச்சுட்டா."

"கட்டில்லயா?"

"ஆமா. தகரம் ஒழுகிருச்சுன்னா என்னா செய்யிறதுன்னு கொடையையும் விரிச்சு மேல வச்சா. நாங்க ரெண்டு பேரும் கீழ படுத்தோம். மழையே இல்ல அன்னிக்கு."

சிரித்தார். அப்பா சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது! பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தொறந்துருச்சா?"

"இல்லப்பா" என்றேன். திரை பளிச்சென்று என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் இல்ல. நீங்க சொல்லுங்க."

எட்டு கடந்து நான்கு நிமிடம் கழித்துத்தான் வேலையில் நுழைந்தேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் அம்மா குழப்பத்தில் இருந்தார். அன்று மத்தியானமே எனக்கு வேலை தருகிற நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது தடவையாம், இன்னொரு தடவை நடந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். கூடவே ஒரு படிவம். தாமதத்துக்கான காரணத்தை நாமாக எழுத முடியாது, அவர்கள் கொடுத்ததிலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். இணையக் கோளாறு, மின்தடை, உடல்நலம், உபகரணக் கோளாறு, மற்றவை. மற்றவைக்கு எதிரே இருபது எழுத்து மட்டும் எழுதலாம். அப்பா என்று எழுத இடம் போதும். அதற்கு மேல் என்ன எழுதுவது?

உபகரணக் கோளாறு என்று போட்டேன்.

போட்டதும் படிவம் இன்னொரு பக்கத்தைத் திறந்தது. உபகரணத்தைச் சரிசெய்ததற்கான ஆதாரத்தைப் பதினான்கு நாளைக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் விளங்காமல் நிவேதாவைக் கூப்பிட்டேன். அவள் படித்துவிட்டு லெப்டொப்பை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பாவமும் செய்யாத பொருள், என் பொய்யைத் தலையில் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

இப்படித்தான் அந்தச் சின்னப் பெட்டி பூசை மேசைக்கு வந்தது.

5

பூசையன்று பகல் முழுக்க யோசித்தேன். மாற்றாவிட்டால் வேலை போகும். மாற்றினால் அப்பா அரை நிமிடத்துக்குத் திரும்பிப் போவார். கணவரைக் கேட்டேன். "போட்டுத் தொலையேன், இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றார். அவர் லொறிக்கு வருடா வருடம் ஏதாவது மாற்றிக்கொண்டே இருப்பவர்.

நிவேதா மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஒங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்ல, ஒடச்சிருவேன்னு பயம், அதானே?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் என்னிடம் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசியே சில மாதமாகியிருந்தது.

"இல்லடி. நாளைக்கு விஜயதசமி. நல்ல நாள். நாளைக்கே மாத்து" என்றேன்.

மறுநாள் நான் லீவு. அவள் பாடசாலை விட்டு வந்ததும் மேசையில் பழைய துணியை விரித்து லெப்டொப்பைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் காலையிலேயே ஒரு வயர் போட்டுப் புதிதுக்கு மாற்றியிருந்தாள். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். வேலை செய்யும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டாள். அப்பாவும் அப்படித்தான் கோணுவார். அவளுக்கு அது தெரியாது.

அடிமூடியைத் தூக்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா. இது என்னா மஞ்சளா?"

காத்தாடியின் வாயெல்லாம் சந்தனம். பதினொரு ஆயுத பூசைச் சந்தனம், குங்குமம், திருநீறு, எல்லாம் தூசியோடு சேர்ந்து அப்பம் மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கவாட்டில் வரிசையாக ஓட்டை இருந்ததே, பொட்டு வைக்க வாகான இடம் என்று வருடா வருடம் அங்கேதான் மூன்று விரலால் இழுத்திருக்கிறேன். காற்றுப் போகிற வழி அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிவேதா பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டச் சுரண்ட வீடெல்லாம் கோயில் வாசம் வந்தது. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தாள். இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சாமித் தட்டில் ஒரு துணி போட்டு அதன்மேல் வைத்தேன்.

மூடிப் பூட்டிப் போட்டாள். பதினெட்டு செக்கன் இல்லை, பதினாறு. சத்தமே இல்லை. காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், சுத்தமான காத்தாடிகூட மூச்சு விடவில்லை. "எப்புடி?" என்று கேட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டிய நல்ல வார்த்தைகளை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். கழற்றிய டிஸ்க்கைப் படமெடுத்து அவளே நிறுவனத்துக்கும் அனுப்பினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது.

6

அடுத்த வேலை நாள் காலை ஏழரை. போன், பக்கத்தில் லெப்டொப். உண்மையைச் சொல்லிவிடுவது என்று ராத்திரியே முடிவு பண்ணியிருந்தேன்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா."

"பொட்டியப் போட்டுட்டியா? தொறந்துருச்சா?"

எப்போதோ திறந்துவிட்டது.

"இல்லப்பா. இப்பதான் போட்டேன்."

வாயிலிருந்து அதுதான் வந்தது. வந்த பிறகு என்ன செய்வது, பேச்சை மாற்ற சந்தனக் கதையைச் சொன்னேன். நிவேதா திறந்து சுத்தம் பண்ணினாள் என்று மட்டும் சொன்னேன், டிஸ்க் மாற்றியதைச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காத்துப் போற வாயிலயா பொட்டு வச்ச? ஸ்டோர்ல நான் எந்தக் காலத்துலயாவது காத்தாடி வாயில சந்தனம் வச்சு நீ பாத்திருக்கியா? மேல இரும்புல வைக்கணும். டீச்சராம் டீச்சரு."

பிறகு அவரே சிரித்து, தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கும் சொல்லி, மறுபடி சிரித்தார். அன்று பத்து நிமிடத்துக்கு மேல் பேசினோம்.

அப்படியே மூன்று வாரம் ஓடியது. தினமும் அவர் கேட்பார், தினமும் நான் இல்லை என்பேன். வேலைக்கு ஒருநாளும் பிந்தவில்லை. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரே, "இந்நேரம் தொறந்திருக்கும். போயி வேலையப் பாரு" என்பார். அது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

போன வாரம் நிவேதா பாடசாலைக்குப் போகுமுன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் "இல்லப்பா, இன்னும் சுத்துது" என்றதும் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா போனை வைத்ததும் கேட்டாள்.

"தாத்தாகிட்ட ஏன் பொய் சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு நிமிடம், கட்டிலில் படுத்த லெப்டொப், குடை, உபகரணக் கோளாறு. முழுவதையும் கேட்டாள். பாடசாலைப் பஸ் போய்விட்டது, அதற்கும் அசையவில்லை. கடைசியில் கேட்டாள்:

"ஆனா அம்மா, தாத்தாவுக்கு பேரிங் சத்தம் போன்லயே கேட்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப இப்ப சத்தம் இல்லைங்கிறது கேக்காதா?"

 மூன்றாம் நம்பர் காத்தாடி நின்றதைச் சோற்றுத் தட்டிலிருந்து கண்டுபிடிக்கிற மனுசன். பொட்டு வைத்த மெஷின்களின் அமைதி தாங்காமல் வாசலில் நடந்தவர். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வாரமாக அவர் தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என்னை அனுப்பி வைத்ததும் அதனால்தான்.

மறுநாள் நிவேதா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவை அழைத்தேன். சாப்பிட்டாயா, மழையா, எல்லாம் முடிந்தது.

"தொறந்துருச்சா?"

போனைத் தூக்கி, சத்தமே இல்லாத அந்த லெப்டொப்பின் மேல் வைத்தேன்.

"இல்லப்பா. ஓடுற சத்தம் கேக்குதா ஒங்களுக்கு?"

அந்தப் பக்கம் தூரத்தில் ரயில் ஒன்று வளைவில் ஊதியது.

"கேக்குதே" என்றார் அப்பா. "நல்லாக் கேக்குது. அவசரப்படுத்தாத, அது மெதுவாத் தொறக்கட்டும்."

நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"தாத்தா, நானும் இருக்கேன். லெப்டொப்ப கட்டில்ல படுக்க வச்ச கதைய எனக்குச் சொல்லுங்க."

"அதுவா? ஒங்கம்மா சொல்லிட்டாளா?" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு மழையே இல்ல பாத்துக்க…"